பாரத்துக்கு ரெண்டு ஆள்

எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டின் கதவு, ஒரு மஹிந்திரா ஜீப்பினுடையது. நம்பாதவர்கள் காரைக்கால் கோவில்பத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். கைப்பிடி உண்டு. லாக் உண்டு. கண்ணாடி இருந்த இடத்தில் மட்டும் கம்பி வலை. காலையில் அதைத் திறந்ததும் எங்கள் சேவல் இறங்கி வருகிற தோரணையைப் பார்த்தால், கையில் மனு இருந்தால் கொடுத்துவிடலாமா என்று தோன்றும். சாட்சாத் தாசில்தார்!

ஜீப்புக்குக் கதவு ரெண்டு. ஒன்று கோழிக்கூண்டில். இன்னொன்று எங்கே? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அப்பா இருபது வருஷமாகப் பதில் சொன்னதில்லை. "போச்சு" என்பார். எப்படிப் போச்சு, எங்கே போச்சு என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

போன வாரம் என் மாமனாரின் இன்வெர்ட்டர் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'உங்களுக்கு வேறு வேலையே கிடையாதா?' என்று ஒரு வாசகர் அன்போடு கேட்டிருந்தார். இருக்கிறது சார். ரெண்டு மாசமாக ஜீப்புக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பம்ப்செட் கடை. மோட்டாரையும் பைப்பையும் ஏற்றிக்கொண்டு வரப்பு வரைக்கும் போக ஒரு வண்டி வேண்டும் என்று, 1998-ல் அரசாங்க ஏலம் ஒன்றில் எடுத்த எம்.எம்.540. இந்த மாடலை மஹிந்திரா 1985-ல் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது ஃபிரான்ஸ் நாட்டுக் கம்பெனியிடம் உரிமம் வாங்கி இங்கே செய்த 2,112 சி.சி. டீசல் எஞ்சின். அந்தக் கம்பெனியின் பெயரை எழுத்துக் கூட்டி 'ப்யூஜியாட்' என்று நான் படித்தபோது, எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த சொல்தா தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பெஷோடா! பெஷோ!" 1739-லிருந்து 1954 வரைக்கும், நடுநடுவே வெள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்ட காலம் போக, பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த ஊர் இது. அவருக்கு அந்த எஞ்சின் சத்தம் கேட்டால் போதும், திண்ணையில் நிமிர்ந்து உட்காருவார்.

எனக்கு நினைவு தெரிந்து கொஞ்ச காலம் அந்த வண்டி கதவோடு ஓடியது. மீதிக் காலம் கதவில்லாமல். மழை பெய்தால் படுதாவை இறக்கிக் கட்டுவோம். படுதா மழையைத் தடுக்காது. ஆனால் உள்ளே வந்த தண்ணீரை வெளியே போகாமல் தடுக்கும்.

கதவுப் பிரச்னை கிளம்பியது ஒரு டிபன் பாக்ஸால்.

என் மகள் ஒண்ணாம் வகுப்பு. அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது அப்பாவின் ஜீப். இது தாத்தாவுக்கும் பேத்திக்கும் உள்ள சொந்த ஏற்பாடு. நாங்கள் தலையிட முடியாது. ஒருநாள் திருநள்ளாறு ரோட்டு வளைவில் அப்பா வண்டியைத் திருப்ப, பாப்பாவின் டிபன் பை சீட்டிலிருந்து நழுவி, கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தின் வழியாகப் பறந்து வாய்க்காலில் விழுந்தது. அவள் சாயங்காலம் வந்து அதை ஒரு சாகசமாகச் சொன்னாள். என் மனைவி சிரிக்கவில்லை.

"இன்னிக்கு டிபன் பை. நாளைக்குப் பையோட சேர்த்து ஆளும் விழுந்தா? கதவு போடுங்க. இல்லேன்னா திங்கள்கிழமையிலேருந்து பாப்பா ஆட்டோவில போகட்டும்."

அப்பா காதில் இது விழுந்தது. பாப்பாவைக் கூப்பிட்டார். "உங்கப்பன்கிட்ட சொல்லு. ஜீப்புக்குக் கதவு வச்சா அது ஜீப் இல்ல, பீரோ."

எதிரே ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஏன் பாப்பா மூலமாகச் செய்தி என்று நீங்கள் கேட்கலாம். நான் பி.காம். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஏழு வருஷம் மற்றவர்கள் லாபத்தைக் கூட்டிக் கழித்துவிட்டு, ஒருநாள் வேலையை விட்டுவிட்டு எழுத வந்துவிட்டேன். அன்றிலிருந்து அப்பா என்னிடம் நேரடியாகப் பேசுவதில்லை. வண்டிக்கு ரைட்டன் டவுன் வேல்யூ முறையில் தேய்மானம் போட்டால், வருஷத்துக்கு வருஷம் மதிப்பு குறையுமே தவிரக் கடைசி வரை பூஜ்யம் ஆகாது. அப்பாவின் கோபமும் அந்த முறையில்தான் குறைந்துகொண்டிருந்தது.

'பீரோ' என்று அப்பா சொன்னதில் சரித்திர நியாயம் உண்டு. ஜீப் பிறந்தபோது அதற்குக் கதவு கிடையாது. 1940-ல் அமெரிக்க ராணுவம், எடை குறைவாக ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்குச் சொல்லியனுப்பியது. மாதிரி வண்டி கொண்டுவரக் கொடுத்த அவகாசம் 49 நாள். பான்டம் என்ற சின்னக் கம்பெனி கெடுவுக்குள் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது. பிறகு வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் லட்சக்கணக்கில் செய்து தள்ளின. ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்த்த வண்டியில் கதவு எதற்கு? குண்டு விழுந்தால் சிப்பாய் குதித்தாக வேண்டும். கதவுக்குப் பதில் குறுக்கே ஒரு பட்டை, அவ்வளவுதான்.

நம் ஊரில் 1945-ல் 'மஹிந்திரா அண்ட் முகமது' என்று ஆரம்பித்த கம்பெனி, தேசப் பிரிவினையில் ஒரு பங்குதாரர் பாகிஸ்தான் போய் நிதி மந்திரி ஆகிவிட்டதால், 1948-ல் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. வில்லிஸ் ஜீப்பை இங்கே கோத்து விற்று வளர்ந்தது அந்தக் கம்பெனிதான்.

முழு ஜீப்புக்கே 49 நாள்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ரெண்டு கதவு மாட்ட 61 நாள் ஆனது.

முதல் யோசனை, கோழிக்கூண்டுக் கதவையே திரும்ப மாட்டுவது. கழற்றிப் பார்த்தேன். நடுவில் யாரோ முழங்காலால் இடித்த மாதிரி ஒரு பள்ளம். ஓரமெல்லாம் நெம்பி வளைந்திருந்தது. அடிப்பக்கம் துருவில் சல்லடை. காரைக்கால் உப்புக்காற்றில் பூட்டின வீட்டுக்குள் இருக்கும் ஊக்கே துருப்பிடிக்கும், கதவு எம்மாத்திரம்? தவிர, சேவல் வேறு பார்த்துக்கொண்டே நின்றது. மரியாதையாகத் திரும்ப மாட்டிவிட்டேன்.

இரண்டாவது யோசனை, சென்னை புதுப்பேட்டை. பழைய வண்டிகளின் உறுப்புகளைத் தேடுகிறவர்களுக்கு அது காசி. தெருவெல்லாம் பம்பர், பானட், ஹெட்லைட். ஒரு கடையில் கேட்டேன்.

"எம்.எம்.540-க்கு ரெண்டு கதவு வேணும்."

"இருக்கு சார். ஜோடி."

"ஒரே வண்டியில கழட்டினதா?"

"ஜோடி சார்!" என்றார் அழுத்தமாக.

ஆறாயிரத்து ஐநூறு ரூபாய். கோணியில் சுற்றி லாரி ஆபீஸில் போட்டு ஊருக்கு அனுப்பினேன். பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. ஜோடிதான். ஆனால் ரெண்டும் கல்யாணம் பண்ணிக்கொண்டது வேறு வேறு ஆளை. ஒன்று இன்னொன்றைவிட அரை அங்குலம் உயரம். ஒன்றுக்குக் காக்கி பெயின்ட்டின் மேல் வெள்ளை. இன்னொன்றுக்கு வெள்ளையின் மேல் பச்சை.

சட்டம் வேறு பயமுறுத்தியது. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு விரோதமாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் எங்கள் வண்டி ஏலத்துக்கு வந்ததே கதவோடுதான். போனதைத் திரும்ப வைக்கிறோம், அவ்வளவே. ஃபோட்டோ ஆல்பத்தில் சாட்சி இருக்கிறது. பானட்டுக்குச் சந்தனம் குங்குமம், பக்கத்தில் மீசையோடு அப்பா, ரெண்டு கதவும் பளபள.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பெயர் வேண்டாம். அவர் பாவம், வேகமான மனுஷர். வண்டியின் முன்பக்கத்தை இடதுபுறம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி வைத்திருந்தார், ஏதோ சக்கர வேலை. 'சும்மா நிக்கிற நேரத்துல கதவையும் மாட்டிடுவோமே' என்று மாட்டிவிட்டார். மறுநாள் போனோம். சாத்தினால் 'டப்' என்று அம்பாசடர் மாதிரி சத்தம். இடுக்கு எல்லாம் ஒரே சீர். நான் அசந்துவிட்டேன்.

"ஐயா உள்ள உக்காந்து பாருங்க" என்றார்.

அப்பா வேண்டா வெறுப்பாக ஏறி இடது சீட்டில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். டப். பையன் ஜாக்கியை இறக்கினான்.

'கிரீச்ச்ச்...'

அப்புறம் அந்தக் கதவு திறக்கவில்லை.

கைப்பிடியைத் திருகினோம், இழுத்தோம், தட்டினோம். ஒர்க்‌ஷாப்காரர் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே திருப்புளியைத் தேடினார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வாரத்துக்கு மேட்டர் கிடைத்தது என்றுகூட நினைத்தேன். பிறகு அப்பா முகத்தைப் பார்த்தேன். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. கதவைக் காலால் உதைத்தார். ஒருமுறை, ரெண்டுமுறை. அவர் எதையும் உதைத்து நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. டிரைவர் பக்கம் நகரலாம் என்றால் நடுவில் கியர் கம்பிகள். கடைசியில் பின்சீட்டுக்குத் தாவி, படுதாவைக் கிழித்துக்கொண்டு, எழுபது வயசு மனுஷர் மண்ணில் குதித்தார். யாரிடமும் பேசாமல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் பாப்பா மூலமாகக்கூடச் செய்தி வரவில்லை. நாலாம் நாள், திங்கள்கிழமை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாப்பா ஏறிக்கொண்டு கை ஆட்டினாள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது என்று எழுத ஆசைதான். நேராகத்தான் இருந்தது. ஆனால் பதினைந்து நிமிஷம் பக்கம் திருப்பவில்லை.

அன்றைக்குத்தான் நாகூர் போகும் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் டிங்கர் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். கதவைக் கயிற்றால் கட்டியபடி.

பாய் கதவைப் பார்க்கவே இல்லை. குனிந்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். ஐந்து நிமிஷம் கழித்து ஒரு கறுப்பு வஸ்துவோடு வந்தார். பழைய மைசூர்பாகு மாதிரி உதிர்ந்தது.

"இது என்ன பாய்?"

"பாடி ரப்பர். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கறது. எல்லாம் செத்துப்போச்சு. பாடி ஒரு பக்கமா தொங்குது. தொங்கற வீட்டுல நிலை எப்படி நேரா இருக்கும்? நீங்க கதவக் குத்தம் சொல்றீங்க."

பிறகு ஒரு நூலை எடுத்தார். கதவு வாசலின் மேல்மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்குக் குறுக்காகப் பிடித்தார், முடிச்சுப் போட்டார். அதே நூலை வலதுபக்க வாசலில் அதேபோல் பிடித்தார். முடிச்சு முக்கால் அங்குலம் தள்ளி நின்றது. டேப் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒரு நூல், ஒரு முடிச்சு. நோய் தெரிந்துவிட்டது.

"ஜாக்கி போட்டப்ப அந்த மூலை தூக்கிக் குடுத்துச்சு, வாசல் நேரா தெரிஞ்சுது. எறக்கினதும் பழையபடி தொங்கிருச்சு. கதவு என்ன பண்ணும்? இறுகப் புடிச்சுக்கும்."

ரப்பர்கள் மாற்ற ஒரு வாரம். அதன்பிறகு கதவு. உயரமான கதவின் அடியைப் பிரித்து, துருவை வெட்டி எறிந்து, 20 கேஜ் தகட்டில் புது அடி வைத்து, அரை அங்குலத்தையும் சரிபண்ணினார். அடியில் வரிசையாக மூன்று ஓட்டை போட்டார்.

"எதுக்கு பாய் ஓட்டை? இப்பதானே அடைச்சீங்க?"

"கண்ணாடி வழியா மழைத்தண்ணி கதவுக்குள்ள எறங்கத்தான் செய்யும். எந்த ரப்பர் போட்டாலும் எறங்கும். வெளிய போக வழி வைக்கணும். வைக்கலேன்னா அது கதவு இல்ல, தொட்டி. உள்ளுக்குள்ளயே இருந்து துருப்புடிக்கும். வெளிய பெயின்ட்டு பளபளன்னு இருக்கும், தட்டினா பொத்துக்கும்."

நான் இதைக் குறித்துக்கொண்டேன். ஜீப்புக்காக மட்டும் இல்லை.

அடுத்தது கீல். மேல் கீலும் கீழ்க் கீலும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒன்றையொன்று முறுக்கும். பாய் ஒரு நீளக் கம்பியை எடுத்து, ரெண்டு கீலின் துளையிலும் சேர்த்துச் செருகினார். சுலபமாக நுழைந்தது. அப்புறம்தான் போல்ட் முறுக்கினார். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் தச்சு ஆசாரிமார் காதில் செருகும் பட்டைப் பென்சிலை விட்டுச் சுற்றிலும் நகர்த்தினார். எங்கே பென்சில் சிக்குகிறதோ அங்கே கீலுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று.

ஆடிட்டர் ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுத் தற்காலிகமாகச் சமன் செய்வோம். "எத்தனை தகடு வேணா வைக்கலாமா பாய்?" என்று கேட்டேன்.

"மூணு, நாலு வைக்கலாம். அதுக்கு மேல கேட்டுச்சுன்னா தப்பு வேற எங்கியோ இருக்குன்னு அர்த்தம். அதைத் தேடணும்."

எங்கள் ஆடிட்டரும் இதையே சொல்வார். சம்பளம் மட்டும் பாயைவிடக் கூட.

எல்லாம் ஆனபின் பாய் ஒரு குண்டைப் போட்டார். "நாளைக்கு அண்ணனக் கூட்டிட்டு வாங்க."

"அப்பாவா? எதுக்கு?"

"வண்டி சும்மா நிக்கும்போது கதவு சரியா இருந்து என்ன பிரயோஜனம்? ஆளு ஏறினா பாடி எறங்கும். யாரு தெனமும் ஓட்டுறாங்களோ அவங்க உக்காந்திருக்கணும், பக்கத்துல இன்னொரு ஆளு. அந்தப் பாரத்துல வச்சுத்தான் லாக்கு கொண்டிய முறுக்குவேன்."

"மூட்டை ரெண்டு வச்சுக்கலாமே?"

"மூட்டைக்குக் கதவு தொறக்கத் தெரியாது தம்பி."

அப்பாவிடம் யார் சொல்வது? பாப்பாவைத் தூது அனுப்பினேன். என்ன சொன்னாளோ, மறுநாள் காலை அப்பா வெளுத்த வேட்டியில் தயாராக நின்றார். 'உங்க வெயிட்டு இல்லேன்னா வண்டி நிக்காதாம் தாத்தா' என்று சொன்னாளாம். அரசியலுக்குப் போக வேண்டிய பிள்ளை.

ஆக, டிங்கர் ஷெட்டில், ஓடாத வண்டியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா, பக்கத்தில் நான். பாரத்துக்கு ரெண்டு ஆள். பாய் சுத்தியலோடு வெளியே. இறங்கக்கூடாது, நகரக்கூடாது. நாலு மணி நேரம்.

முதல் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுவரில் ஒரு பஞ்சர் டியூப் தொங்கியது. தூதுக்குப் பாப்பாவும் இல்லை.

பாய் இடதுபக்கக் கதவைச் சாத்தினார். அப்பாவின் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்தேன்.

"திறக்கும்ப்பா" என்றேன்.

அப்பா சுவரைப் பார்த்தபடியே பேசினார். "அன்னிக்குத் திறக்கல."

"ஒர்க்‌ஷாப்லயா?"

"அது இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை."

காரைக்காலில் அந்த ஞாயிற்றுக்கிழமை என்றால் தேதி சொல்ல வேண்டாம். 2004 டிசம்பர் 26. எனக்கு அப்போது பதிமூன்று வயசு. எங்களைப் பக்கத்து மாடி வீட்டில் ஏற்றிவிட்டு அப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனது தெரியும். ராத்திரி வந்தது தெரியும். மறுநாள் பார்த்தபோது வண்டியில் கதவு இல்லை. பதிமூன்று வயசில் அதைக் கேட்கத் தோன்றவில்லை. எல்லார் வீட்டிலும் ஏதாவது இல்லாமல் இருந்த நேரம் அது.

"கிளிஞ்சல்மேட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமா நாலஞ்சு நடை அடிச்சேன். தெருவெல்லாம் சேறு, வலை, ஒடஞ்ச போட்டு. ஒரு தூண்ல இடிச்சு இந்தப் பக்கக் கதவு நசுங்கிடுச்சு. உள்ள ஆளுங்க. வெளிய இன்னும் ஆளுங்க, கையில பிள்ளைங்கள வச்சிக்கிட்டு. கதவு திறக்கல. உள்ள இருந்து ஒரு அம்மா கதவ அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. ஜாக்கி ராட வச்சு நெம்பினேன். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல."

பாய் வெளியே சுத்தியலை நிறுத்திவிட்டார்.

"அதான் கோழிக்கூண்டுல இருக்கறது" என்றார் அப்பா.

நான் இருபது வருஷத்துக் கேள்வியைக் கேட்டேன். "இன்னொண்ணு?"

"அதையும் இடைஞ்சலா இருக்கேன்னு கழட்டிட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்ட்ரெச்சர் பத்தல. ஒரு சின்னப் பிள்ளைய அது மேல வச்சுத் தூக்கிட்டு உள்ள போனாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "கதவத் திருப்பிக் கேக்கணும்னு தோணல தம்பி" என்றார்.

தம்பி. அஞ்சு வருஷம் கழித்து.

நான் ஒன்றும் பேசவில்லை. எழுதுகிறவனுக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை என்பார்கள். சுவரில் தொங்கும் டியூபை இன்னும் நன்றாகப் பார்த்தேன்.

பாய்தான் கதவுக்கு வெளியிலிருந்து பேசினார். "அண்ணே, கொஞ்சம் இப்படிப் பாருங்க." மேல் கீலிலிருந்து ஒரு பின்னை விரலால் உருவிக் காட்டினார். கீழ்க் கீலில் ஒன்று. கதவைக் கீல் பக்கமாக லேசாக இழுத்துத் தூக்கினார். அத்தனை பெரிய கதவு, முறம் மாதிரி அவர் கையோடு வந்தது.

"கீலு ரெண்டும் வெளிப்பக்கம்தான் வச்சிருக்கேன். போல்ட்டு போடல. லாக்கு மாட்டிக்கிட்டாலும் சரி, எங்கியாவது இடிச்சு நசுங்கினாலும் சரி, ரெண்டு பின்ன உருவுனா போதும். உள்ள இருக்கறவங்களும் கண்ணாடிய எறக்கிக் கைய விட்டு உருவலாம்."

"திருடன் உருவிட்டா?" என்று கேட்டேன் நான்.

பாய் வண்டியை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தார். "இந்த வண்டியவா?"

அப்பா சிரித்தார். சத்தமாக.

இது ஒன்றும் பாய் கண்டுபிடித்த வித்தையில்லை. அமெரிக்காவில் 1976-ல் வந்த சி.ஜே-7 ஜீப்புக்குக் கழற்றி மாட்டும் இரும்புக் கதவு உண்டு. இன்றைக்கு விற்கும் ரேங்க்ளரிலும் வீட்டிலேயே கதவைக் கழற்றிக்கொள்ளலாம். அவர்கள் காற்று வாங்கக் கழற்றுகிறார்கள். காரணம் வேறு. கீல் ஒன்றுதான்.

மீதி மூன்று மணி நேரம் அப்பா பேசிக்கொண்டே இருந்தார். பம்ப்செட் கடை ஆரம்பித்த கதை, ஏலத்தில் ஜீப் எடுத்த கதை, நான் வேலையை விட்ட அன்று அவர் தூங்காத கதை. "விட்டது தப்பில்ல. என்கிட்ட சொல்லாம விட்ட பாரு, அதான்" என்றார். அஞ்சு வருஷத்து வித்தியாசம் இந்த ஒரு வரியில் டேலி ஆகிவிட்டது. நான் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு வைத்திருந்தேன். தப்பு வேறு எங்கேயோ இருந்திருக்கிறது.

சாயங்காலம் பாய் பட்டைப் பென்சிலை விட்டுக் கடைசியாக ஒருமுறை சுற்றிவந்தார். எங்கேயும் சிக்கவில்லை. சாத்தினார். அம்பாசடர் சத்தம் இல்லை. 'கட்டக்' என்று ஒரு சத்தம். ஜீப் சத்தம்.

திங்கள்கிழமை காலை வாசலில் பாப்பா நெளிந்துகொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. தாத்தா விடவில்லை.

"திற."

"திறந்துட்டேன் தாத்தா."

"மூடு. கண்ணைக் கட்டிக்கிட்டுத் திற."

பத்துத் தடவை. அதுவும் போதாதென்று, கதவு திறக்காமல் போனால் யார் பேரைச் சொல்லிக் கத்த வேண்டும், பின்பக்கம் எப்படி இறங்க வேண்டும், எல்லாம். என் மனைவி "போதும் மாமா, மணி எட்டரை" என்று சொன்னபிறகுதான் வண்டி கிளம்பியது. வளைவில் டிபன் பை கதவில் மோதி நின்றதாகச் சாயங்காலம் தகவல் வந்தது.

நேற்று ராத்திரி இதை அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரு நிமிஷம் பேசவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"ஒண்ணு விட்டுட்டியே தம்பி" என்றார்.

"என்னப்பா?"

"கதவுக்கு உள்பக்கம் ஒரு பெல்ட் இருக்குல்ல, ரொம்பத் திறந்துக்காம புடிக்கறதுக்கு? அந்தக் கொக்கிய மொதல்ல கழட்டிட்டுத்தான் பின்ன உருவணும். இல்லேன்னா கதவு பாதியில தொங்கும். படிச்சிட்டு நாலு பேரு செஞ்சு பாப்பாங்க. அதை எழுது."

எழுதிவிட்டேன்.